மீனுக்காக நான் எழுதிய அறிவித்தல்

1

இன்று காலை ஒரு கிழவனின் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தேன். அதுதான் என் வேலை.

கனடாவின் மேற்குக் கரையில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். இங்கே கோடையில் மழை பெய்யாது. ஆவணி பிறக்கும்போது ஆறு இளைத்துக் கற்கள் வெளியே தெரியும். கடலிலிருந்து சல்மன் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறி வரும் காலமும் அதுவேதான். தண்ணீர் குறைந்தால் மீன் ஏற முடியாது. இருக்கிற தண்ணீரும் சூடாகிவிட்டால் குஞ்சுகள் மூச்சு முட்டிச் சாகும். அதனால் ஆற்றில் நட்ட அளவுகோலில் தண்ணீர் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கியதும் அரசாங்கம் முதலில் கடிதம் போட்டுக் கெஞ்சும். கெஞ்சல் எடுபடாவிட்டால் உத்தரவு போடும். வயலுக்கு இறைக்கிற பம்பு எல்லாம் நிற்க வேண்டும். நின்றதா என்று பண்ணை பண்ணையாகப் போய்ப் பார்க்கிறவன் நான். மீற்றரைப் படம் எடுப்பேன், பம்பில் ஓர் அட்டையைக் கட்டுவேன், படிவத்தில் நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்குவேன்.

இந்த வேலைக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம். போன வாரம் அலுவலகத்தில் மீன் படம் போட்ட கேக் வெட்டினார்கள். என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதையும் சிரித்துக்கொண்டே தின்றேன்.

இன்று காலை போனது சோளம் போட்டிருந்த ஒரு கிழவனின் பண்ணைக்கு. இலைகள் சுருண்டு போயிருந்தன. சண்டை போடவில்லை அந்த மனுஷன். தானே போய் விசையை அணைத்தான். நான் அட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன், "உன் சொந்தக்காரர்கள் யாராவது விவசாயம் செய்கிறார்களா?" என்று கேட்டான்.

"என் அக்கா" என்றேன்.

"அவளிடமும் போய் இப்படித்தான் நிறுத்துவாயா?"

"அவளிடம் பம்பு இல்லை" என்றேன்.

அவன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். நான் வண்டியில் ஏறி அடுத்த பண்ணைக்குப் போகாமல் ஆற்றோரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தக் குறிப்புகளை அங்கே உட்கார்ந்துதான் தொடங்கினேன். ஊரில் இருக்கிற நீங்கள் என்னைப் பற்றி நல்ல விதமாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதை முதலில் கெடுத்துவிட வேண்டும்.

2

எங்கள் தோட்டம் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாப் பக்கம் ஏறுகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு மேலே போகிறது. தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. மேல் டிவிசன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் காடு, அதற்குக் கீழே துரை பங்களா, அதற்கும் கீழே தேயிலை, ஆகக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள். காட்டிலிருந்து ஓர் ஓடை பங்களாவைத் தொட்டுக்கொண்டு இறங்கி லயத்துக்குப் பின்னால் ஓடுகிறது. குடிக்கவும் குளிக்கவும் பீலித் தண்ணீர் தனியாக இருக்கிறது. மலை ஊற்றுக்கு மூங்கில் வைத்து இழுத்தது, இப்போது குழாய் வைத்திருக்கிறார்கள். ஓடைத் தண்ணீர் ரப்பர் ஓஸ் வழியாக மரக்கறிக்கு.

அந்த ஓடைக்கரையில் எங்கள் அப்பா ஒரு துண்டு நிலத்தைக் கல்லுப் பொறுக்கித் திருத்தினார். பகல் முழுக்கப் பங்களாவில் பூந்தோட்ட வேலை, அந்தியில் இந்தக் கல்லு வேலை. நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. "செஞ்சுக்க" என்று அன்றைக்கு இருந்த துரை வாயால் சொன்னதுதான். அப்பாவுக்குப் பிறகு என் அக்கா தெய்வானை அதைச் செய்தாள். லீக்ஸ், கரட், கொஞ்சம் போஞ்சி. மச்சான் இறந்து, முழங்கால் தேய்ந்து, கொழுந்துக் கூடையைத் தூக்க முடியாமல் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அவன் பாடே அவனுக்குப் பெரும்பாடு. விடியற்காலையில் லீக்ஸ் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி தலவாக்கலை பஸ்ஸைப் பிடிப்பாள். அவளுடைய லீக்ஸ் வெள்ளைத் தண்டு நீளமாக இருக்கும் என்று சந்தையில் பெயர். மண்ணை அணைத்து அணைத்து அவள் அதை வளர்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைப் படிக்க வைத்ததும் அவள்தான். இதை எழுதும்போது கண் கலங்குகிற மாதிரி ஒரு வரி எழுத வேண்டும் என்று கை துடிக்கிறது. எழுதமாட்டேன். அந்த உரிமை எனக்கு இல்லை.

3

இந்த வருடம் மாசியில் ஊருக்கு வந்திருந்தேன். தையிலிருந்தே மழை இல்லை. பனி விழுந்து கொழுந்து கருகியிருந்தது. ஓடை பாதியாகச் சுருங்கியிருந்தது.

பங்களா இப்போது தோட்டத்துக் கம்பனியே நடத்துகிற ஹோட்டல். கொழும்பிலிருந்து ஒரு மனேஜர் வந்திருக்கிறார், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், நல்ல மனிதர், இங்கிலீஷ் அழகாகப் பேசுகிறார். ஓடையில் ட்ரவுட் மீன் குஞ்சுகளை வாங்கி விட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் தூண்டில் விளையாட்டுக்காக மலைநாட்டுக்குக் கொண்டுவந்த மீன் அது. இப்போது அதே விளையாட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்காவிட்டால் அந்த மீன் செத்துப்போகும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாரோ மனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். தேத்தண்ணி குடிக்க வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எங்கள் அப்பா முப்பது வருடம் வேலை செய்த பங்களாவுக்கு முதல் முறையாக முன்வாசலால் போனேன். வராந்தாவில் பிரம்பு நாற்காலியைக் காட்டி "உட்காருங்கள் சேர்" என்றார். சேர்! நான் கனடாவுக்குப் போன புதிதில் வாய்க்கு வாய் எல்லோரையும் 'சேர்' என்று கூப்பிட்டு, அலுவலகத்தில் தனியாகக் கூப்பிட்டு அதை நிறுத்தச் சொன்னார்கள். அந்த வார்த்தை அன்றைக்கு எனக்கே திரும்பி வந்தது. வெள்ளிக் கரண்டி, பிஸ்கட். அப்பா வெட்டி விட்ட புல்வெளி கீழே பச்சையாக இருந்தது. அந்த வறட்சியில் அது எப்படிப் பச்சையாக இருந்தது என்று நான் கேட்கவில்லை.

"சேர், உங்கள் நாட்டில் மீனை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஐயோ, எவ்வளவு சொன்னேன். ஒரு மணி நேரம் வாய் ஓயவில்லை. ஓடையில் ஓர் அளவுக் கம்பு நட வேண்டும். ஒரு கோடு போட வேண்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் பயிருக்கு எடுப்பவர்களை முதலில் நிறுத்த வேண்டும். எடுப்பதற்குப் பழைய பத்திரம் யாரிடம் இருக்கிறதோ அவரைக் கடைசியில்தான் நிறுத்த வேண்டும், கனடாவில் அதுதான் சட்டம். அறிவித்தல் அவர்கள் மொழியில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவரே அதை வாசித்துச் சொன்னால் சண்டை வராது.

"இங்கே யாரிடம் பத்திரம் இருக்கிறது?" என்று நான்தான் கேட்டேன். ஹோட்டலுக்கு இருந்தது, போன வருடம் எடுத்தது. லயத்து ஆட்களுக்கு இல்லை. நாலு தலைமுறையாக அந்தத் தண்ணீரில் கை நனைக்கிறவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அப்படியானால் யாரை முதலில் நிறுத்துவது என்று கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.

4

அறிவித்தலை நானே எழுதினேன். மனேஜர் தடித்த வெள்ளை அட்டை கொடுத்தார். எனக்கு நல்ல கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

"ஓடையில் வாழும் மீன்களைக் காப்பதற்காக, நீர் மட்டம் சிவப்புக் கோட்டுக்குக் கீழ் இறங்கும் நாட்களில் பயிர்களுக்கு நீர் எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும்." மதிப்பும் மரியாதையுமாக இருந்தது. கம்பை நானே நட்டேன். சிவப்பு மையால் கோடும் நானே போட்டேன். இங்கே கனடாவில் அப்படி ஒரு கோடு போடுவதற்கு வருடக்கணக்காக ஆற்றை அளப்பார்கள், மீனை எண்ணுவார்கள், குடியானவர்களைக் கூட்டி வைத்துத் திட்டு வாங்குவார்கள். நான் தேத்தண்ணி குடித்து முடித்துப் பத்து நிமிடத்தில் கண்மதிப்பில் போட்டேன். கொஞ்சம் மேலேயே போட்டேன். மீனுக்கு நல்லதுதானே.

அப்போது காமன் கூத்துக்காக லயத்துச் சனம் தினமும் கோயில் முன்னால் கூடிக்கொண்டிருந்தது. எனக்கு மாலை போட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அறிவித்தலை அங்கேதான் வாசித்தேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மீனுக்குத் தண்ணிய வுட்டுட்டு நாங்க எங்கங்க போறது?"

"ஒரு மாசம்தாங்க. மழை வந்ததும் எடுத்துக்கலாம்" என்றேன். இங்கே பண்ணைக்காரர்களிடம் சொல்கிற அதே பதில். இங்கே அவர்களுக்கு நட்ட ஈடு கேட்கச் சங்கம் உண்டு, எதிர்த்துப் பேச வக்கீல் உண்டு. அங்கே இருந்தது மாலையோடு நின்ற நான்.

அக்கா கூட்டத்தின் முன்னால் நின்றாள். நான் கொண்டுபோன சேலையைக் கட்டியிருந்தாள். வாசித்து முடித்ததும் பக்கத்தில் நின்றவளின் கையைத் தட்டி, "என் தம்பி எழுத்து. பாத்தியா, அச்சு மாதிரி" என்றாள்.

நான்கு நாளில் நான் விமானம் ஏறிவிட்டேன்.

5

சித்திரை வருடப் பிறப்பன்று முருகேசு எனக்குப் போன் எடுத்தான். என்னோடு படித்தவன், இப்போது அந்த டிவிசனில் கங்காணி. வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் இருமினான். பிறகு சொன்னான்.

"ஒங்க அக்காதான்டா மொதல்ல ஓஸக் கழட்டுனிச்சு. கோட்டுக்குக் கீழ தண்ணி போன அன்னைக்கே. நாங்க சொன்னோம், பொறு, மத்தவங்க என்னா செய்றாங்கன்னு பாப்போம்னு. கேக்கல. என் தம்பி எழுதுனதுக்கு நானே அடங்கலைன்னா வேற எவன் அடங்குவான்னு கேட்டிச்சு."

அக்கா அடங்கியதால் மற்றவர்களும் அடங்கினார்கள். ஓடைக்கு ஒரு காவல்காரனைப் போட்டார்கள். நான் பயிருக்கு எடுப்பதை மட்டும்தான் நிறுத்த எழுதினேன். அவன் வாளியோடு வந்தவளையும் விரட்டினான், துணி அலசப் போனவளையும் விரட்டினான். அதே நேரத்தில் பங்களாவுக்கு மேலே பெரிய குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குளிக்கிற தடாகத்துக்கும் புல்லுக்கும். பத்திரம் இருக்கிறதே. மேலே அவர்கள் எடுக்க எடுக்கக் கீழே தண்ணீர் திரும்ப ஏறி என் கோட்டைத் தொடவே இல்லை.

"லீக்ஸ்?" என்று கேட்டேன்.

"அது பங்குனியிலயே போச்சு. மஞ்சளாகி அப்படியே படுத்திருச்சு. எல்லாத்தோடதும்தான் போச்சு, மறுபடி போட வெதைக்கும் காசு இல்ல. இப்ப லயத்துல ஒங்க அக்காவோட யாரும் மொகங்குடுத்துப் பேசுறது இல்லடா. பீலியில கூட அது வந்தா மத்தவங்க கொடத்தத் தூக்கிட்டுப் போயிர்றாங்க."

அக்கா இதில் ஒரு வார்த்தையையும் என்னிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நாலைந்து தடவை பேசியிருப்போம். ஒவ்வொரு முறையும் "மீனெல்லாம் நல்லா இருக்கு தம்பி" என்றுதான் ஆரம்பித்தாள்.

மனேஜருக்கு மிகவும் பண்பான ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. என் முறை அருமையாக வேலை செய்கிறதாம், மிகுந்த நன்றியாம். கூடவே ஒரு படம். தண்ணீர் குறைந்து மீன்கள் எல்லாம் ஒரே குழியில் கூடிவிட்டதால் விருந்தாளிகளுக்குத் தூண்டில் போடுவது சுலபமாகிவிட்டதாம். சிவந்த முகத்தோடு ஒருவர் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் என் அறிவித்தல் பலகை அழகாகத் தெரிந்தது.

அதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை. இங்கே வேலைக் காலம் தொடங்கிவிட்டது, நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் அந்த மனேஜர் மறுபடியும் என்னைச் சேர் என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

6

என் மகள் பிரியாவுக்குப் பதினாறு வயது. கோடையில் பள்ளிப் பிள்ளைகளோடு போய், ஆற்றில் வற்றுகிற குட்டைகளில் மாட்டிக்கொண்ட சல்மன் குஞ்சுகளை வாளியில் அள்ளி ஓடும் தண்ணீரில் விடுவாள். போன சனிக்கிழமை ஒரு குட்டைக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் செத்துப்போயிருந்தன. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அழுதாள். அவள் அழுவதில் பொய் இல்லை. அந்தக் குஞ்சுகளுக்காக நானும் இத்தனை வருடம் மனமார வேலை செய்திருக்கிறேன். இப்போதும் சொல்கிறேன், ஆற்றில் மீன் இருக்க வேண்டும்.

அன்றைக்கு அவளிடம் அத்தையின் லீக்ஸ் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. முழுவதையும் கவனமாகக் கேட்டாள். தமிழ் முக்கால்வாசிதான் புரியும், மீதியை இங்கிலீஷில் சொன்னேன். முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு தமிழிலேயே கேட்டாள்.

"மீன் தப்பிச்சிச்சா அப்பா?"

"கொஞ்சம் தப்பிச்சிச்சு" என்றேன்.

"அப்போ பரவால்ல" என்றாள்.

அவள்மேல் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது. அவள் பேசியது என்னிடம் கற்ற பாடத்தை.

7

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை வேண்டுமென்றே விட்டு வந்தேன்.

அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மனேஜர் ஓடைக்கரையைக் காட்டி, "அந்த மரக்கறித் துண்டுகள் எல்லாம் யாருடையவை?" என்று கேட்டார். அவர் வந்து ஆறு மாதம்தான், தோட்டத்துப் பழக்க வழக்கம் ஒன்றும் தெரியாது. நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன் அல்லவா, எனக்குத் தெரியாத வழக்கமா? காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு விளக்கினேன். யாருடையதும் இல்லை, தோட்டத்து நிலம்தான். பயிர் இருக்கிற வரைக்கும் செய்கிறவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரு போகம் சும்மா கிடந்துவிட்டால் தோட்டம் திருப்பி எடுத்துக்கொள்ளும். அப்பா எத்தனையோ வருடம் காய்ச்சலோடு போய் இரண்டு பாத்தியாவது கொத்தி விதைத்தது அந்தப் பயத்தில்தான். சும்மா கிடக்க விடக்கூடாது என்பதை லயத்தில் பிறந்த குழந்தையும் அறியும்.

அவர் "அப்படியா" என்று மட்டும் சொன்னார். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நிலம் சும்மா கிடந்தால் போய்விடும் என்று சொன்ன அதே வாயால், அதே ஒரு மணி நேரத்தில், அந்த நிலத்துக்குத் தண்ணீரை நிறுத்து என்றும் சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்குமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

அக்கா இதை வாசிக்க மாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

8

ஆற்றோரம் உட்கார்ந்து இவ்வளவையும் கிறுக்கிவிட்டு, விட்டுப்போன பண்ணைகளையும் முடித்துக்கொண்டு மாலை வீட்டுக்கு வந்தேன். ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது. அங்கே விடிந்து, பெரட்டில் பெயர் பதிந்து வேலைக்குப் போக ஆள் கூடுகிற நேரம். அக்காவாக என்னைக் கூப்பிடுவது அபூர்வம், எப்போதும் நான்தான் எடுப்பேன். வீடியோவில் முகம் வந்தது. இளைத்திருந்தாள். பச்சை நிறத்தில் ஏதோ சீருடைச் சட்டை போட்டிருந்தாள்.

"என்னாக்கா இது புதுசா?"

"பங்களாச் சமையல் குசினியில வேல தம்பி. மீன் கழுவுறது. ஒக்காந்து செய்ற வேலதான், முழங்காலுக்கு நோவு இல்ல." சிரித்தாள். "ஒரு கடுதாசி வந்திருக்கு. வாசிச்சுச் சொல்லுப்பா."

காகிதத்தைப் போனுக்கு முன்னால் பிடித்தாள். தட்டச்சில் அடித்த தமிழ். சத்தமாக வாசித்தேன். தங்களால் பயிரிடப்பட்டு வந்த ஓடைக்கரைத் துண்டு ஒரு போகத்துக்கும் மேலாகப் பயிரின்றிக் கிடப்பதால், தோட்டத்தின் நீண்டகால வழக்கப்படி அது மீளப் பெறப்படுகிறது. மேற்படி நிலத்தில் விருந்தினர் குடில் அமைக்கப்படவுள்ளது. தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பதைக் கீழே ஒப்பமிட்டு உறுதிப்படுத்தவும்.

"கையெழுத்துப் போட்றாதக்கா. நான் பேசுறேன். நான் இப்பவே மனேஜருக்கு எடுக்கிறேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. சமையலறையிலிருந்து பிரியா எட்டிப் பார்த்தாள்.

"போட்டு நாலு நாளாச்சுப்பா. போட்டாத்தான் குசினி வேலைன்னாங்க. இது நமக்குத் தந்த பிரதி."

"அப்புறம் எதுக்கு என்னை வாசிக்கச் சொன்ன?"

அவள் காகிதத்தை இறக்கினாள். முகம் மறுபடியும் தெரிந்தது.

"எழுத்துக் கூட்டி நானே வாசிச்சிட்டேன். ஆபிசுல இவ்வளவு நல்ல தமிழ் எழுத ஆள் கெடையாது தம்பி. லயத்துல எல்லாரும் ஒன்னையத்தான் சொல்றாங்க. இதையும் அவன்தான் அங்கருந்து எழுதி அனுப்பியிருக்கான்னு. நான் அப்படி இருக்காதுன்னு சொல்லிட்டேன். இருந்தாலும் ஒன் வாயால ஒரு தடவ கேட்டுக்கிட்டா எனக்கு மனசு ஆறும்."

சொல்வதற்கு எனக்கு அப்போது வேறு ஒன்று இருந்தது. மேலே ஏழாவதாக எழுதியிருக்கிறேனே, அது. நாக்கு நுனி வரை வந்தது.

"நான் எழுதலக்கா" என்றேன்.

"அது போதும் தம்பி" என்றாள். அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. பீலியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி, சந்தோஷமாக மீன் கழுவப் போனாள்.